ஆவாரையும் நமது கடமையும்

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பது முதுமொழி. ஆற்காட்டு வட்டாரத்தில் அச்செடிக்கு இருவகை வாழ்வு இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் அதன் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டனர். தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையும் குரோம் உப்பும் வந்தபின் அத்தொழிலில் அதன் மதிப்புக் குன்றிற்று. மருந்தாக அது பெற்ற வாழ்வோ இன்றும் நிலைத்துள்ளது. நாவல், மருதம், கொன்றை முதலியவற்றுடன் ஆவாரை சேர்ந்த குடிநீரைச் சித்த மருத்துவர்கள் மதுமேகத்திற்கு அளித்து வருகின்றனர்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. ஆகவே மூலிகைக்குக் கிராக்கி பெருகுவது இயல்பே. ஆயினும், பூவை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்துவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர். நாம் விற்கும் பொருள் அத்தகைய பேதைமைக்குத் துணைபோகலாகாது.

சோதனை என்பது நம் மருத்துவத்திற்கு இழுக்கன்று. ஐரோப்பியர் நீரிழிவுக்குப் பயன்படுத்திய கலேகா என்னும் செடியில் நஞ்சும் கலந்திருந்தது. அதன் சத்தையொட்டி ஆக்கப்பெற்ற மெட்பார்மினை, 1957-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளிடம் ஆராய்ந்து வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் மாத்திரை அதுவே. நம் சிறுகுறிஞ்சானையும் சென்னைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். 1990-இல் வெளியான அவ்வாய்வில், வழக்கமான மாத்திரையோடு இலைச்சத்தையும் உட்கொண்ட 22 பேருள் ஐவர் மாத்திரையை விட முடிந்தது. நம்பிக்கை தரும் தொடக்கமே இது. ஆனால் 22 பேரைக் கொண்டு முடிவு கட்டலாகாது.

விளைவிப்போருக்கு மற்றுமொரு பொறுப்பு உண்டு. பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவுநீர் கெடுத்த நிலையை 1996-இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. அத்தகைய நிலத்தில் பறித்த இலை மருந்தாகாது.

ஆதலின் சங்கங்கள் ஆவன செய்தல் வேண்டும். கழிவுநீர் படாத மானாவாரி நிலங்களைத் தெரிந்தெடுத்து, செடியின் இனத்தையும் பறித்த இடத்தையும் குறித்து, சோதனைச் சான்றுடன் ஒருங்கே விற்றல் வேண்டும். 1944-இல் தோன்றிய இம்ப்காப்ஸ், இந்திய மருத்துவர்களின் கூட்டுறவு நிறுவனமன்றோ! மருந்து செய்வோர் கூடி நடத்த இயலுமெனில், மூலிகை விளைப்போரும் கூட இயலும். தனித்தனியே மூட்டை கட்டினால் தரகர் சொன்னதே விலை. தூய்மைக்குச் சங்கம் பொறுப்பேற்றால் விலை பேசும் வலிமை நமக்கு வரும். நோயாளிக்கும் நல்ல சரக்குக் கிட்டும்.