நிறம் போனால் போதுமா?



கந்தர்வகோட்டைப் பக்கம் கல்லாக்கோட்டையில் மதுபான ஆலை இருப்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததே. அந்த ஆலையைப் பற்றிய புகாரோ வக்காலத்தோ அல்ல இது. சாராய ஆலை என்றாலே பாட்டிலைப் பற்றித்தான் பேசுகிறோம்; வடித்தது போக மிஞ்சுவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸைப் புளிக்கவைத்து ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் வரை கழிவுநீர் வரும். கொதிக்கும் சூடு, புளிப்பு, கருஞ்சிவப்பு. கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவைப் பிஓடி என்பார்கள். வீட்டுச் சாக்கடையின் பிஓடி லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். இதிலோ 40,000-க்கும் மேல். கண்மாயில் கலந்தால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, கண்மாயையும் போர்வெல்லையும் நம்பிய மாவட்டம் நமது.

இந்தக் கழிவை முதலில் நுண்ணுயிரிகளிடம் விடுவார்கள். காற்றுப் புகாத தொட்டியில் அவை தின்று தீர்த்து மீத்தேன் தரும். அது ஆலையின் கொதிகலனுக்கே எரிபொருள். பிஓடியில் 80, 90 சதவீதம் இதிலேயே குறைந்துவிடும். நிறம் மட்டும் அசையாது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து உண்டாகும் மெலனாய்டின் அது. தோசை முறுகிச் சிவப்பதும் இதே வினையால்தான்! நுண்ணுயிரிகள் அதை லேசில் தொடா. எனவே ஓசோனைச் செலுத்துவார்கள்; அல்லது 1894-இல் ஃபென்டன் என்ற வேதியியலாளர் எழுதிவைத்தபடி இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ப்பார்கள். பெரிய மூலக்கூறுகள் உடையும். உடைந்ததை மறுபடி நுண்ணுயிரிகளிடம், இம்முறை காற்றூதும் தொட்டியில், விட்டால் வேலை முடியும். எடுத்த எடுப்பிலேயே ரசாயனத்தைக் கொட்டினால் எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது.

ஆனால் தெளிந்த நீரைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. உப்பு அதிலேயே கரைந்திருக்கும். ஃபென்டன் முறையில் இரும்புச் சேறு வேறு மிஞ்சும். தெளிந்துவிட்டது என்று அதை நீர்நிலையில் விடவும் முடியாது: மொலாசஸைக் கொண்டு சாராயம் வடிக்கும் ஆலைகள் 2005 இறுதிக்குள் நீர்நிலைகளில் கழிவு விடுவதை அறவே நிறுத்த வேண்டும் என்று 2003-லேயே மத்திய அரசின் சாசனம் சொல்லிவிட்டது.

உங்கள் ஊரில் ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் அவசியம் போங்கள். 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். வாங்கிப் படியுங்கள். சேறும் உப்பும் எங்கே போகின்றன என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை எங்களுக்கும் எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்