கரையை அளப்பவர்கள் ஊரையும் அளக்க வேண்டும்
கடல்மட்ட உயர்வும் தமிழகக் கடலோர ஊர்களின் தாங்குதிறனும்: எங்கள் நிலைப்பாடு

கடல்மட்டம் உயர்கிறது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியாகச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. 2006 முதல் 2018 வரையிலான வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்கிறது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவான ஐபிசிசி. அளவு சிறிதாகத் தெரியலாம். ஆனால் காவிரிக் கடைமடையில் மழைவெள்ளம் வடிய வேண்டிய முகத்துவாரத்தில் கடல் ஒரு சாண் உயர்ந்து நின்றாலே வெள்ளம் வயலிலும் தெருவிலும் தேங்கிவிடும்.

எந்த ஊர் இதைத் தாங்கும், எது தாங்காது என்று மதிப்பிடும் வேலை நடந்தே ஆக வேண்டும். அதை யார், எதைக் கொண்டு செய்கிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. ஊர் மக்கள் பங்கில்லாத தாங்குதிறன் மதிப்பீட்டை நாங்கள் ஏற்கமாட்டோம். அப்படி வரைந்த வரைபடத்தைக் காட்டி ஒரு குடும்பத்தைக்கூடக் கரையிலிருந்து எழுப்பக் கூடாது.

ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) 2012இல் வெளியிட்ட கடலோரப் பாதிப்பு வரைபடத் தொகுப்பு, கரைக்கோட்டின் மாற்றம், கடல்மட்ட மாற்றம், நிலத்தின் உயரம், சரிவு, நில அமைப்பு, அலை உயரம், ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஆகிய ஏழையும் கணக்கில் எடுத்தது. ஏழும் தேவையானவை, அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் அந்த ஏழில் மனிதர் இல்லை. வரைபடத்தில் ஒரே நிறம் பெறும் இரண்டு ஊர்களில் ஒன்றுக்குப் படகை மேலேற்ற அகன்ற மணல் இருக்கும், ஊற்றில் நல்ல தண்ணீர் இருக்கும். இன்னொன்று கற்சுவருக்கும் சாலைக்கும் நடுவே நெருக்குண்டு கிடக்கும். புயல் வந்தால் இரண்டின் கதியும் ஒன்றாக இருக்காது.

கரை ஏன் போனது என்பதையும் அந்த நிறம் சொல்லாது. நம் கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதைக் குறுக்கே மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை கரைந்தது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் எழுந்தபின் அந்நகரம் தன் கடற்கரையை இழந்தது, வடக்கே பொம்மையார்பாளையம் வரையுள்ள ஊர்களையும் அரிப்பு தொற்றியது. ஓர் ஊரைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல்தடுப்பான தூண்டில் வளைவு வடக்கேயுள்ள அடுத்த ஊரின் மணலைப் பறிக்கிறது. பிறர் கட்டிய கட்டுமானத்தால் கரை இழந்த ஊரை ‘பலவீனமான ஊர்’ என்று பட்டியலிடுவது அநீதி. மதிப்பீட்டில் காரணமும் பதிவாக வேண்டும், அதற்குப் பொறுப்பானவர்களும் பதிவாக வேண்டும்.

ஊருக்குள் அளக்க வேண்டியவை நிறைய. கார்த்திகையில் கடல் ஏறும்போது எத்தனை படகுகளுக்கு மேட்டில் இடம் இருக்கிறது? எந்த ஆண்டில் எந்தக் கிணறு உவர்த்தது? ராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் பிடித்து நிறுத்தும் மணல்மேடு மிச்சமிருக்கிறதா, வழித்தெடுத்துவிட்டார்களா? வலை உலர்த்தும் இடம் யார் பெயரில் இருக்கிறது? எத்தனை வீட்டுக்குப் பட்டா உண்டு? இவற்றுக்குச் செயற்கைக்கோளிடம் பதில் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்திடம் இருக்கிறது. ஆனால் பஞ்சாயத்தை மட்டும் கேட்டால் போதாது. அந்த அவையில் பெரும்பாலும் பெண்கள் உட்காருவதில்லை. கருவாடு காயப்போடும் மணலும் குடிநீர்க் குடமும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன, அவர்களைத் தனியே கேட்க வேண்டும்.

எங்கள் அச்சத்துக்கு முன்கதை உண்டு. சுனாமிக்குப் பின் 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்களுக்கு ஒரு தெரிவைத் தந்தது. 200 மீட்டருக்கு அப்பால் போனால் இலவசமாகப் புது வீடு. இருந்த இடத்திலேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி இல்லை. போனவர்களின் வீடு கரையை விட்டு உள்ளே தள்ளிப் போனது, படகு கரையிலேயே நின்றது. வெறும் கையோடு நிற்கும் குடும்பத்திடம் வைக்கும் இப்படிப்பட்ட கேள்வியை விருப்பத் தெரிவு என்று நாங்கள் கருதவில்லை. ஊரே கூடி இடம் மாறக் கேட்டால் முழுமனதோடு துணை நிற்போம். அப்போதும் கரையின் மீதான உரிமை அந்த ஊருக்கே இருக்க வேண்டும், காலியான மணலில் விடுதி எழக் கூடாது.

2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மீனவ ஊர்களையும் அவர்களின் பொது இடங்களையும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. தாங்குதிறன் மதிப்பீடு அந்த வேலையை முடித்த பிறகே தொடங்கட்டும். வரைவைத் தமிழில், ஊரின் பொதுவிடத்தில் விரித்து வைத்து, மக்கள் திருத்திய பிறகே இறுதியாக்க வேண்டும்.

கள ஆய்வு ஆண்டுக்கு இருமுறை நடக்க வேண்டும். கடல் அடங்கி மணல் திரும்பியிருக்கும் பங்குனியில் ஒருமுறை, வாடைக்காற்றில் கரை அறுபடும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொருமுறை. பங்குனியில் மட்டும் வந்து அளந்துவிட்டுப் போகும் எந்த அறிக்கையிலும் நாங்கள் கையெழுத்திட மாட்டோம்.