அம்மிக்குக் கிடைத்த கூலி

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூருக்குச் சென்ற முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி நம் அங்கத்தினர்கள் கேள்விப்பட்டிருப்பர். அவர்களுள் பலர் கைத்தறித் தொழில் நலிந்தமையால் கடல் கடந்தவர்கள். இரு நாட்டு வாழ்க்கையையும் ஒப்பிடுவோர் வீதியின் அழகையும் வீட்டின் உயரத்தையுமே பெரிதும் பேசுவர். கூட்டுறவாளர் காண வேண்டியது வேறொன்று: யாருடைய உழைப்பு எங்கே கணக்கில் ஏறிற்று என்பதே அது.

இங்கே நெசவாளனுக்கு வீடே தொழிற்சாலை. ஆண் தறிக்குழியில் அமர்ந்து நெய்வான், மனைவி ராட்டையில் தார் சுற்றுவாள், பிள்ளைகளும் கைகொடுப்பர். குற்றாலச் சாரல் வீசும் நாட்களில் தெருவில் பாவு ஆற்ற இயலாது, தறி நிற்கும். முன்பணம் வாங்கிய கடன் மட்டும் நில்லாது. துணி முடிந்தபின் வரும் கூலியோ நெய்தவன் பெயருக்கே வரும்.

சிங்கப்பூரில் அவர்கள் தஞ்சோங் பகார் பகுதியில் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். தமிழகத்து முஸ்லிம்களில் மற்றவர் பெரும்பாலும் தனியே சென்றிருக்க, இவர்கள் குடும்பத்துடன் சென்றனர். பெண்கள் அம்மியில் மசாலை அரைத்தனர். அது சந்தையில் விலைபோயிற்று. ஊரில் வீட்டு வேலை என்று எண்ணப்பட்ட அரைப்பு, அங்கே வருவாய் தரும் தொழிலாயிற்று.

அந்நாடு சொர்க்கமென்று சொல்வதற்கில்லை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபோது அங்கிருந்தோர் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயினும் அவர்கள் ஒன்றுகூடி உழைக்கத் தவறவில்லை. 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினர்; 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. எனினும் அப்பெயர் தாங்கிய தமிழ் மொழி நிலையம் இன்றும் அங்கு இயங்குகிறது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கைத்தறித் தொழிலாளரில் 100-க்கு 70 பேருக்கு மேல் பெண்கள். நான் பார்வையிட்ட சங்கங்கள் பலவற்றின் கூலிப் புத்தகத்திலோ தறிக்காரர் பெயரே காணப்படுகிறது. தார் சுற்றியவள் பெயர் இல்லை. விவசாயிகள் சங்கத்திலும் இதுவே கதை. நாற்று நட்டவள் ஒருத்தி; பட்டா வைத்திருப்பவர் என்பதால் கடன் பெறும் அங்கத்தினர் மற்றொருவர்.

"பணம் ஒரே குடும்பத்துக்குத்தானே போகிறது? பெயரில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். தறிக்காரர் இறந்த மறுநாள் அதற்கு விடை தெரியும். முப்பது ஆண்டு ராட்டை சுற்றிய மனைவிக்குத் தன் பெயரில் பங்கு இராது, சேமிப்பு இராது. அவள் உழைத்தாள் என்பதற்கு ஏட்டில் ஒரு வரிகூட இராது. சங்கத்தின் வாசலில் அவள் அயலாள் போல நிற்பாள்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நெசவுக் கூலியைத் தனியாகவும் தார்க் கூலியைத் தனியாகவும் பிரித்தெழுதி, பின்னதைச் சுற்றியவள் கையிலேயே கொடுத்துக் கையொப்பம் பெறலாம். விதிகள் இடந்தரும் அளவில் அவளையும் பங்கு செலுத்தச் செய்து அங்கத்தினராக்கலாம். அடுத்த மகாசபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர அங்கத்தினர்கள் முன்வர வேண்டும். நம் பெண்களின் உழைப்புக்குக் கணக்கு எழுத, அவர்கள் கடல் கடந்து செல்லும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா?