தேவதைப் பட்டம் சோறு போடுமா?

மே 12 வந்தால் மேடை உண்டு, மாலை உண்டு, மெழுகுவர்த்தி உண்டு. புளோரன்சு நைட்டிங்கேல் பிறந்த நாளில் நர்சுகளைத் 'தேவதைகளே' என்று வாயார வாழ்த்துவோர் பலர். மறுநாள் அந்தத் தேவதை ஊதியம் கேட்டால், "தொண்டுக்கு விலையா?" என்று துள்ளிக் குதிக்கிறார்கள்!

தொண்டு என்ற சொல்லைப் போற்றுபவர்கள் நாம். ஆனால், உழைப்பவர் கூலியை அறுக்கும் கத்தியாக அச்சொல் மாறுவதை ஒப்பமாட்டோம். மூன்றாண்டு, நான்காண்டு படித்து, கண்விழித்து இரவுப்பணி பார்க்கும் செவிலியர் கை, தறி ஓட்டும் கை போல உழைக்கும் கை அல்லவா?

2015-இல் தமிழ்நாட்டில் தேர்வெழுதி வென்ற ஆயிரக்கணக்கான செவிலியருக்கு அரசு தந்தது மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம்! இரண்டாண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் திரண்டு போராட வேண்டியதாயிற்று. தொகை பின்னர் உயர்ந்தது. ஆனால் காத்திருப்பு நீண்டது.

2020 மார்ச் 22-இல் நாடே கைதட்டியது. அந்தக் கொரோனாக் காலத்தில் அழைத்துவரப்பட்ட செவிலியரில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2015-இல் ஒரு கட்சி ஆட்சி, 2022-இல் வேறு கட்சி ஆட்சி. ஒப்பந்த முறை மட்டும் ஒன்றே!

நிரந்தரம் இல்லாதவருக்குப் பதவி உயர்வு ஏது? செவிலியர் கண்காணிப்பாளர் வரை ஏணி இருக்கிறது. முதற்படியை அறுத்துவிட்டு, "ஏறு" என்றால் எப்படி ஏறுவார்?

தனியார் மருத்துவமனைகளுக்கோ 2016-இலேயே வழி சொல்லப்பட்டது. உச்சநீதிமன்ற ஆணைப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் ரூ.20,000-க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேற்பட்ட இடத்தில் அரசு செவிலியருக்கு இணையாக ஊதியம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில் இருந்தால் அடுப்பு எரியுமா?

அண்டையிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். அங்கே செவிலியர் சங்கமாகத் திரண்டனர். 2017-இல் வேலைநிறுத்தம், 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் ரூ.20,000 என அரசாணை! கெஞ்சிப் பெற்றதல்ல, சேர்ந்து நின்று பெற்றது.

ஆலைவாயிலில் கொடி பிடிக்கும் தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண்கள்தாம் கடன்பட்டுப் படித்து அந்த வெள்ளுடை அணிகிறார்கள். உங்கள் சங்கம் கேட்கும் உரிமையைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் பந்தலில் நம் தோளும் இருக்கட்டும். கைதட்டியது போதும், கணக்கைத் தீர்க்கச் சொல்வோம்!