இருக்கை பெரிதா? இருந்தவர் பெரிதா?

சட்டமன்றத்தில் ஒருவர் எத்தனை முறை அமர்ந்தார், எத்தனை ஆண்டு அமைச்சராக இருந்தார் என்று எண்ணிச் சொல்வது எளிது. அவர் அமர்ந்ததால் நாட்டுக்கும் மொழிக்கும் விளைந்தது என்ன என்று நிறுத்துச் சொல்வதே அரிது. எண்ணுவோர் பலர், நிறுப்போர் சிலர். அதனால்தான் ப. சீவானந்தத்தின் சட்டமன்ற வாழ்வு ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது: 1952இல் வென்றார், 1957இல் தோற்றார். அவ்வொரு வரிக்குள் அடங்கிக் கிடப்பதைத் தமிழர் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

1907ஆம் ஆண்டு நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. இளமையிலேயே தீண்டாமைக் கொடுமைக்கு எதிராக வைக்கத்தில் நின்றார். சிராவயலில் காந்தி நெறியில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். மறைமலையடிகளின் தனித்தமிழ்க் கொள்கை உள்ளத்தைப் பற்றிக்கொள்ள, உயிரின்பன் என்று பெயர் பூண்டார். பின்னர்த் தன்மான இயக்கம், சிறைவாழ்வு, பொதுவுடைமைக் கொள்கை, 1937இல் சனசக்தி இதழ், தலைமறைவு வாழ்க்கை எனப் பல படிகளைக் கடந்து, 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சென்னை வண்ணாரப்பேட்டைத் தொகுதியின் உறுப்பினராகச் சட்டமன்றம் புகுந்தார்.

அன்றைய சென்னைச் சட்டமன்றம் இன்றைய மன்றம் போன்றதன்று. 375 இருக்கைகள், தமிழரொடு தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் ஒருங்கே அமர்ந்த அவை. தனிப் பெரும்பான்மை எக்கட்சிக்கும் இல்லை. பேராயக் கட்சி பெற்றவை 152 இடங்களே. தேர்தலில் நில்லாத இராசாசி மேலவை வழியாக முதலமைச்சரானார். பல மொழியினர் கூடிய அவையில் ஆங்கிலமே பொதுமொழியாய்க் கோலோச்சியது. அத்தகைய அவையில்தான் சீவானந்தம் தமிழில் முழங்கினார். ஆட்சியும் அறமன்றமும் கல்வியும் தமிழில் நடைபெற வேண்டும் என்பதைத் தம் பிறப்புரிமையாகக் கேட்டார். நயந்து இரந்த குரலன்று அது. உரியவன் உரியதைக் கேட்ட குரல்.

ஒருவர் குரலால் என்ன ஆகும் என்று கேட்போர் உளர். 1953ஆம் ஆண்டை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். பள்ளிப் பொழுதைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பிள்ளைகள் பயில வேண்டும் என்றது இராசாசியின் கல்வித் திட்டம். குலக்கல்வி என்று நாடே அதனை எதிர்த்தது. அவையில் பொதுவுடைமைக் கட்சியும் எதிரணியில் நின்றது. சூலை 29இல், திட்டத்தைக் கைவிடுக என்ற முன்மொழிவுக்கு ஒருபக்கம் 138 பேர், மறுபக்கம் 138 பேர். அவைத்தலைவரின் ஒற்றை ஒப்போலையால்தான் அது வீழ்ந்தது. திட்டத்தை நிறுத்திவைத்து ஆராய்க என்ற அடுத்த முன்மொழிவோ 139க்கு 137 என்று வென்றது. 1954இல் அத்திட்டமே ஒழிந்தது. ஓர் இருக்கைக்கு எவ்வளவு எடை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1956ஆம் ஆண்டோ தமிழகத்தின் எல்லையும் மொழியும் ஒருங்கே உருப்பெற்ற ஆண்டு. நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து நம் மாநிலத்தொடு சேர்ந்தன. சென்னையில் உறுப்பினராய் அமர்ந்திருந்த சீவானந்தத்தின் பிறந்த மண் அன்றுதான் அம்மாநிலத்துக்குள் வந்தது! அதற்கு முந்திய திங்களில்தான், தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார் உயிர் நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் அவையில் நிறைவேறியது. நுழைந்த நாள்முதல் அவர் கேட்டவற்றுள் ஒன்று சட்டமாயிற்று.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். அவ்வவைக்குள் உறுப்பினராக மீண்டும் நுழையவே இல்லை. ஆயினும் அவர் பணி அவைக்குள் பிறந்ததன்று. ஆகவே அவையோடு முடியவும் இல்லை. 1959இல் தாமரை இதழைத் தொடங்கினார். 1961இல் கலை இலக்கியப் பெருமன்றம் கண்டார். தாம்பரத்தில் ஏழையரிடையே குடிசையில் வாழ்ந்தார். முதலமைச்சர் காமராசர் அங்கே சென்று அவரைக் கண்டு வந்தது நாடறிந்த செய்தி. 1963 சனவரி 18இல் மறைந்தபோது அவர் சேர்த்து வைத்த பொருள் ஒன்றும் இல்லை. சேர்த்து வைத்த புகழே உண்டு.

தனித்தமிழ் அன்பர் சிலர்க்கு இங்கே ஒரு தடை எழலாம். உயிரின்பன் என்ற பெயரை அவர் நிலைநிறுத்தவில்லை. தனித்தமிழ் நெறியைக் கைவிட்டு வேறு வழி நடந்தார். உண்மை; அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் தூய பெயரைச் சூடிக்கொண்டு, அவைக்குள் தாய்மொழிக்காக ஒருநாளும் வாய் திறவாதவர் எத்தனை பேர்! பெயரை விட்டவர் மொழியை விடவில்லை. ஆலைத் தொழிலாளியின் செவிக்கும் ஆள்வோரின் செவிக்கும் அதனைக் கொண்டு சேர்த்தார். பெயர்த்தூய்மை வேண்டுவதே, எனினும் அது வாயில்தான், வீடன்று.

அவர் கேட்டவற்றுள் அறமன்றத் தமிழ் இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. சென்னை உயர் வழக்குமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாக வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் ஒருமனதாய்க் கேட்டும் நடுவணரசின் இசைவு கிட்டவில்லை. தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்று அறியாமலே தமிழன் அங்கே கைகட்டி நிற்கிறான்.

ஆதலின் அடுத்த முறை வாயிற்படியில் வந்து ஒப்போலை கேட்பவரிடம், எத்தனை முறை வென்றீர் என்று கேளாதொழிக. உள்ளே சென்று யார்க்காகப் பேசினீர், எம்மொழியில் பேசினீர், வெளியே வரும்போது எதைக் கொண்டு வந்தீர் என்று கேட்க. இம்மூன்று வினாவுக்கும் தலைநிமிர்ந்து விடை சொல்பவர் ஒருமுறை அமர்ந்தாலும் போதும். விடை சொல்ல மாட்டாதவர் பத்துமுறை அமர்ந்தாலும் அவ்விருக்கை வெற்றிருக்கையே!