கேட்டுச் செய்வதும் செய்துவிட்டுக் கேட்பதும்

கட்டுநாயக்காவில் விமானமேறி யப்பானுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் சென்று இறங்குமிடம் நரிட்டா. டோக்கியோ மாநகரத்திற்குக் கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள பெரிய விமான நிலையம் அது. அங்கு இறங்கிய பிரயாணிகள் பல்லாண்டுகளாகக் கண்டு வியந்த காட்சி ஒன்றுண்டு. ஓடுபாதைகளுக்கும் விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதைகளுக்கும் இடையிலே, வேலி அடைத்த சிறு மரக்கறித் தோட்டம்! ஒருபுறம் விண்ணையிடிக்கும் முழக்கத்துடன் விமானம் எழும். மறுபுறம் கமக்காரர் ஒருவர் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருப்பார். இராட்சத விமானங்கள் அத்தோட்டத்தைச் சுற்றி வளைந்து போகும்படி பாதை அமைக்கப்பட்டிருந்த காலமும் உண்டு.

இது என்ன புதுமை என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ? அந்தத் தோட்டத்தின் கதையைத்தான் இவ்வாரம் பேச எடுத்துக்கொண்டோம். நாடு முன்னேறவேண்டும் என்பாரும் கேட்கவேண்டிய கதை அது; ஊர் வாழவேண்டும் என்பாரும் கேட்கவேண்டிய கதை அது.

விமான நிலையம் வேண்டியதில்லை என்று எவரும் சொல்லார். 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் யப்பானின் தொழிலும் வாணிபமும் பெருகின. ஜெட் விமானங்கள் வந்தன. கடலோரத்திலிருந்த ஹனேடா விமான நிலையம் வரவர இடநெருக்கடிக்கு உள்ளாயிற்று. புதியதொன்று தேவை என்பதில் ஐயமில்லை. எங்கே அமைப்பது என்பதே வினா. முதலில் தொமிசாட்டோ என்னும் பகுதியை அரசாங்கம் மனத்திற் கொண்டது. அவ்வூரார் கடுமையாக எதிர்த்தனர். எனவே, 1966ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆந் திகதி, அயலிலுள்ள சன்ரிசுக்கா என்னுமிடத்தை மந்திரிசபை தெரிந்தெடுத்தது.

சன்ரிசுக்காவில் யப்பானியப் பேரரசரின் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்ட பெரிய மேய்ச்சற் பண்ணை ஒன்று இருந்தது. அது அரச நிலமாகையால், மக்களிடமிருந்து வாங்கவேண்டிய காணி குறையும் என்பது ஒரு கணக்கு. பண்ணையைச் சூழ்ந்து வாழ்ந்தோரில் பலர் இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் வந்து குடியேறிய ஏழைகள். நல்ல விலை கொடுத்தால் எளிதில் எழுந்துபோவர் என்பது மற்றொரு கணக்கு.

காகிதத்தில் இரண்டு கணக்கும் சரியாகவே இருந்தன. ஆனால், அம்மக்கள் அந்த நிலத்தை எவ்வாறு பெற்றனர் என்பதை எவரும் கணக்கில் எழுதவில்லை. காட்டை வெட்டி, வேரைக் கெல்லி, குடிசையிலே பனிக்காலங்களைக் கழித்து, இருபது ஆண்டு பாடுபட்டு அந்த மண்ணைப் பதப்படுத்தியவர்கள் அவர்கள். கச்சானும் வற்றாளையும் மரக்கறியும் ஒழுங்காக விளையத் தொடங்கிய வேளையிலே, “எழுந்து போங்கள்” என்னும் செய்தி வந்தது. அதுவும் எப்படி வந்தது? அவர்களை அழைத்துப் பேசிய எவரும் இலர். தம் காணியின் கதி தீர்மானிக்கப்பட்டுவிட்டதென்பதை வானொலிச் செய்தியிலும் பத்திரிகையிலும் அறிந்தவர் பலர். நிலம் போவதைக் காட்டிலும், தங்களை மனிதராக மதித்து ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற மனத்தாங்கல் பெரிதாயிற்று.

எதிர்ப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. கமத்தொழிற் கருவிகள் விற்றுவந்த தொமுரா இசாக்கு என்னும் கிறித்தவ அன்பர் அதற்குத் தலைமை பூண்டார். முதியோர் ஓர் அணி. பெண்கள் ஓர் அணி. பாடசாலைச் சிறுவர் ஓர் அணி. 1971ஆம் ஆண்டில், சட்டத்தின் துணைகொண்டு காணிகளைப் பலவந்தமாகக் கைப்பற்றும் வேலை தொடங்கியபோது, பெண்கள் மரங்களோடு தம்மைச் சங்கிலியாற் பிணைத்துக்கொண்டனர். நிலத்தின் கீழ்ச் சுரங்கம் தோண்டி அதனுள்ளே இருந்தனர் சிலர். நகரங்களிலிருந்து தீவிரவாத மாணவர்களும் வந்து கலந்தனர். போராட்டம் கைமீறியது. அவ்வாண்டு செப்ரெம்பர் 16ஆந் திகதி நடந்த மோதலில் பொலிஸ் வீரர் மூவர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம், மனமுடைந்த ஊர் இளைஞன் ஒருவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். கடமைக்கு வந்த அந்த மூவரையும் வீட்டிலே ஒருவர் எதிர்பார்த்துத்தானே இருந்திருப்பர்? கொலையை எந்த நியாயத்தாலும் நியாயமாக்க முடியாது. ஆனால் அந்த நாள்வரை காரியத்தை வளரவிட்டது யார் என்ற கேள்வியையும் மறக்க முடியாது.

“பதறாத காரியம் சிதறாது” என்பர் நம் பெரியோர். பதறிய காரியம் எவ்வாறு சிதறிற்று என்று பாருங்கள். 1978ஆம் ஆண்டு மார்ச் 30ஆந் திகதி திறப்புவிழா என்று நாட் குறித்தனர். அதற்கு நான்கு நாட்களின் முன், கழிவுநீர்க் குழாய் வழியே புகுந்த தீவிரவாதிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின்மேல் ஏறி, அங்கிருந்த கருவிகளை அடித்து நொறுக்கினர். விழா மே மாதம் 20ஆந் திகதிக்குத் தள்ளிப்போயிற்று. திறந்தபின்னும் 4,000 மீற்றர் நீளமான ஒரேயோர் ஓடுபாதையே இருந்தது. இரண்டாவது ஓடுபாதை 2002ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதுவும், நினைத்த இடத்துக் காணி கிடைக்காமையால், 2,180 மீற்றரோடு நின்றது. 2009ஆம் ஆண்டில் எதிர்ப்பக்கமாக நீட்டித்தான் அதனை 2,500 மீற்றர் ஆக்கினர். விமான எண்ணெயைக் கொண்டுவரும் குழாய்ப்பாதை 1983ஆம் ஆண்டுவரை ஆயத்தமாகாமையால், ஐந்தாண்டுகள் புகையிரதத்தில் ஏற்றி வந்தனர். நிலையத்தினுள் நுழையும் ஒவ்வொருவரும், தாயை வழியனுப்ப வந்த பிள்ளையாயினும், அடையாளப் பத்திரம் காட்டவேண்டும் என்ற விதி 2015ஆம் ஆண்டுவரை நீடித்தது. பேச்சுக்குச் செலவிட மறுத்த சில மாதங்களுக்குப் பதிலாகப் பல பதின்ம ஆண்டுகளைக் கொடுக்க நேர்ந்தது.

இனி, கதையின் நல்ல பாகத்துக்கு வருவோம். 1991ஆம் ஆண்டில், இனி எந்த நிலையிலும் பலவந்தம் செய்வதில்லை என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. அவ்வாண்டு நவம்பர் மாதம் தொடங்கி 1993 வரை, கற்றறிந்த நடுநிலையாளர் முன்னிலையில், கமக்காரரும் அதிகாரிகளும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பதினைந்து முறை பேசினர். பின்னர் வட்டமேசை மாநாடுகள் பன்னிரண்டு நடைபெற்றன. ஊராரைக் கேளாமல் செய்தது தவறு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. காணிகளைக் கட்டாயமாக எடுக்கக் கொடுத்திருந்த விண்ணப்பங்களை மீளப்பெற்றது. தவறென்று ஒப்புக்கொண்டதால் அரசாங்கம் சிறுமையடையவில்லை. அன்றுமுதலே அதன் சொல்லுக்கு அந்த ஊரில் மதிப்பு உண்டாயிற்று.

காணிப் பிரச்சினை ஒருபுறமிருக்க, காணி இழக்காதவர்களையும் வருத்தும் தொல்லை ஒன்றுண்டு. அதுதான் இரைச்சல். டெசிபெல் என்பது ஒலியை அளக்கும் அளவு என்பது மாணவர்களுக்குத் தெரியும். அதில் பத்து ஏறினால், நம் காதுக்கு ஒலி இருமடங்கானதுபோற் கேட்கும். “ஒலிதானே, பழகிவிடும்” என்பாருக்கு ஜெர்மனி நாட்டு மியூனிச் நகரம் மறுமொழி தந்தது. 1992ஆம் ஆண்டில் அங்கே பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதை வேறிடத்தில் திறந்தனர். அத்தருணத்தைப் பயன்படுத்தி, இரண்டு இடங்களிலும் வாழ்ந்த பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ச்சியாளர் சோதித்தனர். புதிய நிலையத்தின் அயலில் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் குன்றின. பழைய நிலையம் இருந்த இடத்திலோ அவை தேறின. இரைச்சல் செவியோடு நிற்பதில்லை. பிள்ளையின் புத்தகத்திற்குள்ளும் புகுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

நரிட்டாவிலே இதற்குப் பரிகாரமாக வீடுகளுக்கு இரட்டை யன்னல் இடவும் காற்றுச் சீராக்கி பொருத்தவும் பணம் கொடுத்தனர். இரைச்சல் மிகுந்த இடங்களிலிருந்து பெயர விரும்பியவர்களுக்கு நட்டஈடு வழங்கினர். எல்லாவற்றிலும் மேலாக, இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விமானம் பறப்பதில்லை என்ற நியமத்தைத் தொடக்கம் முதலே காத்துவந்தனர். 2019ஆம் ஆண்டில் முதலாம் ஓடுபாதைக்கு மட்டும் நள்ளிரவு வரை நேரம் நீட்டப்பட்டது.

ஊராரின் முறைப்பாட்டைக் கேட்பதில் வேறோர் இலாபமும் உண்டு. ஒல்லாந்து தேசத்தின் ஸ்கிப்போல் விமான நிலையம் 2003ஆம் ஆண்டில் புதிய ஓடுபாதையொன்றைத் திறந்தது. விமானங்கள் எழும்போது தரையோடு தவழ்ந்துவரும் அடித்தொனி அயலவரை வாட்டியது. உழுத வயல்கள் உள்ள காலத்தில் மட்டும் அது தணிவதைக் கண்டனர். ஏரிட்ட சால்களின் மேடு பள்ளங்கள் ஒலியைச் சிதறடித்தன! அதனை ஆராய்ந்து, சால்களைப்போன்ற மண் வரம்புகளை வரிசையாக எழுப்பி, 2013ஆம் ஆண்டில் ஒரு பூங்காவே அமைத்துவிட்டனர். இன்று மக்கள் அங்கே உலாவுகின்றனர். கமக்காரனின் கலப்பை விமானத்தின் முழக்கத்துக்கு மருந்து சொல்லிற்று.

மீண்டும் நரிட்டாவுக்கு வருவோம். விமான நிலையத்தால் ஊருக்குத் தீமையே என்பதும் நேர்மையான பேச்சாகாது. அங்கே வேலை செய்வோரில் அயலூர்ப் பிள்ளைகள் அநேகர். அதன் வரிப்பணத்தால் வீதியும் பாடசாலையும் நடக்கின்றன. ஆகவேதான் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மத்திய அரசாங்கம், சிபா மாகாணம், அயலிலுள்ள ஒன்பது நகர கிராமங்கள், விமான நிலையக் கம்பெனி ஆகிய நான்கு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 3,500 மீற்றரில் மூன்றாவது ஓடுபாதை. இரண்டாவதை அதே அளவுக்கு நீட்டுதல். ஆண்டுக்கு 500,000 விமானப் போக்குவரத்து. நிலையம் அதிகாலை 5 மணி முதல் நள்ளிரவு கடந்து அரை மணி வரை இயங்கலாம். ஆனால், ஓடுபாதைகளின் நேரத்தை முன்பின்னாக மாற்றி அமைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு மணிநேர அமைதி கிடைக்கச் செய்யவேண்டும் என்று முடிவாயிற்று. ஏழு மணிநேரம் போதுமா என்று கேட்போர் உளர். போதும் என்று சொல்ல, வசதியான இடத்தில் உறங்கும் நமக்கு உரிமையில்லை. ஆயினும், ஓர் ஏழைக் குடும்பத்தின் உறக்கம் ஓர் உடன்பாட்டில் மணிக்கணக்கோடு எழுதப்பட்டதே, அது சிறிய காரியமன்று.

கதை அத்தோடு முற்றாக முடிந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், நீதிமன்றத் தீர்ப்பின்படி, எஞ்சியிருந்த ஒரு தோட்டத்திலுள்ள கட்டடங்களை அதிகாரிகள் இரவோடிரவாக அகற்றினர். பழைய புண் இன்னும் முற்றாக ஆறவில்லை. அதை மறைத்தும் வைக்கவில்லை என்பதே ஆறுதல். விமான நிலையத்தின் அயலிலே 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காட்சிச்சாலை ஒன்றில், போராடியவர்களின் தலைக்கவசங்களும் கொடிகளும் மக்கள் பார்க்க வைக்கப்பட்டுள்ளன. தன்னை எதிர்த்தவர்களின் நினைவைத் தானே காத்துவைப்பதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களில் ஒருவர் நாளை பொறியியலாளர் ஆகலாம். ஒருவர் பெரிய அதிகாரி ஆகலாம். வரைபடமொன்று உங்கள் மேசைமேல் விரிக்கப்படும். அதில் ஒரு கோடு கீறுவது சில விநாடி வேலை. அந்தக் கோட்டின் கீழே ஒரு கிணறு இருக்கும். வாழையடியில் ஒரு துவைகல் இருக்கும். பேரன் பிறந்தபோது நட்ட மரம் ஒன்று இருக்கும். அவை வரைபடத்திலே தெரியமாட்டா. போய்ப் பார்த்தாற்றான் தெரியும், கேட்டாற்றான் தெரியும். கோடு கீறுமுன் அந்த வீட்டுப் படலையைத் தட்டி, “ஐயா, உங்களோடு பேச வந்தேன்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமையால் ஒரு தேசம் எவ்வளவு இழந்தது என்பதை நரிட்டாவின் சிறு தோட்டம் சொல்லிக்கொண்டே இருக்கும்.