கூரைக்குள் ஒரு கணக்கு

ஹற்றனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன், சென்ற வாரம் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். "சேர், புதுக் குசினிக்கு அப்பா கடன்பட்டு எட்டடித் தகரம் வாங்கியிருக்கிறார். கூரைக்கு இருபுறமும் சரிவு. எட்டும் எட்டும் பதினாறு. பதினைந்தடி அகலத்துக்கு நாளை அத்திவாரம் வெட்டலாமா?" என்றான்.

முகட்டுக் கோணம் எவ்வளவு என வினவினேன். அயல்வீட்டுக் கூரையைப் போன்றதே என்றும், அதை மட்டையில் வெட்டி அளந்ததில் 120 பாகை என்றும் கூறினான்.

நேயர்களே, கூரையின் முகப்பு ஓர் இருசமபக்க முக்கோணியன்றோ? சமபக்கம் 'ப', அடி 'அ' எனக் கொள்வோம். உச்சியிலிருந்து அடிக்கு வரையும் செங்குத்து, உச்சிக்கோணத்தையும் அடியையும் சரிபாதியாக்கும். பாதி முக்கோணியில் செம்பக்கம் 'ப'. அரைக்கோணத்துக்கு எதிர்ப்பக்கம் அ/2. ஆகவே,

அ = 2ப × சைன் (அரைக்கோணம்)

உச்சிக்கோணம் 60 பாகையாயின் சைன் 30 = 1/2; அ² = ப². 90 பாகையாயின் சைன் 45 = 1/√2; அ² = 2ப². 120 பாகையாயின் சைன் 60 = √3/2; அ² = 3ப². ஒன்று, இரண்டு, மூன்று என வளரும் அழகைக் காணுங்கள்!

சைன் என்றதும் அஞ்சுவோர் உளர். அதன் பிறப்பிடமே இம்முக்கோணிதான். வட்டத்தின் ஈர் ஆரைகளும் அவற்றின் முனைகளை இணைக்கும் நாணும் இருசமபக்க முக்கோணியாகும். கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர், முழு நாணை விடுத்து அரை நாணுக்கே கணக்கு வகுத்தார். அவருடைய 'ஜ்யா' அரபு மொழிக்குச் சென்று, அங்கே மடிப்பு எனப் பொருள்படும் வேறொரு சொல்லாகப் பிழைபட வாசிக்கப்பட்டு, இலத்தீனில் 'சைனஸ்' ஆயிற்று.

இனி, நம் மாணவன் வீட்டுக்கு வருவோம். ப = 8; அ² = 192; அ ஏறத்தாழ 13.86 அடி. பதினைந்தடிச் சுவரைத் தகரம் எட்டவே எட்டாது! பன்னிரண்டடியாயின் இருபுறமும் பதினோர் அங்குல இறவாரமும் கிட்டும்.

தந்தையார் உடனே நம்பினாரல்லர். எட்டடிக் கம்புகள் இரண்டை, மகன் வெட்டிய மட்டையின் கோணத்துக்கு முற்றத்தில் கிடத்தி, முனைக்கு முனை அளந்து பார்த்தாராம். பதினான்கடிக்கு இரண்டங்குலம் குறைந்தது. பின்னரே பன்னிரண்டடிக்குக் கயிறு கட்டினார்.

நிறுவிய பின்னும் அளந்து பார்த்த அந்தத் தந்தையாரும் நல்ல கணித மாணவரே. உங்கள் வீட்டுக் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்; அதன் அகலத்தை ஏணியின்றியே கணித்துவிடலாம்.